இடுப்பு நின்றால் முதுகு நிற்கும்: அலுவலக நாற்காலியில் அமரும் முறை

"நிமிர்ந்து உட்காரு" என்று யாராவது சொல்லக் கேட்காமல் வளர்ந்தவர் நம் திருநெல்வேலிச் சீமையில் இருக்க முடியாது. வீட்டில் ஆச்சி சொல்லியிருப்பார். பள்ளியில் வாத்தியார் முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லியிருப்பார். சொன்னவுடன் நாம் எல்லோரும் செய்வதும் ஒன்றேதான். நெஞ்சை முன்னே தள்ளி, தோள்களைப் பின்னே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக இருப்போம். ஐந்து நிமிடம் ஆவதற்குள் விறைப்புத் தளர்ந்து முதுகு பழைய வளைவுக்கே போய்விடும். பிறகு நம்முடைய சோம்பல்தான் காரணம் என்று நம்மையே நொந்துகொள்வோம். பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கும் நான், முதுகுவலியோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, இது சோம்பல் இல்லை என்பதைத்தான். நிமிர்வு முதுகில் தொடங்குவதில்லை, இடுப்பில் தொடங்குகிறது. இடுப்புக்குச் சரியான இருப்பிடம் கிடைத்துவிட்டால் முதுகு பெரும்பாலும் தானாகவே நிமிரும். கிடைக்காவிட்டால் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அலுவலக நாற்காலியில் நாள் முழுவதும் வேலை செய்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை முழுமையாகப் புரிந்துகொண்டால், மற்றவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

முதலில் முதுகுத்தண்டின் அமைப்பைப் பார்ப்போம். அதில் 33 முள்ளெலும்புகள் உள்ளன: கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, கீழ்முதுகில் 5, அதற்கும் கீழே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாகிவிட்ட 5, கடைசியில் வால் எலும்பாகச் சுருங்கிய 4. ஒருவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தால் இந்தத் தண்டு கம்பு போல நேராக இருக்காது. கழுத்தில் முன்புறம் வளைந்து, மார்புப் பகுதியில் பின்புறம் வளைந்து, கீழ்முதுகில் மறுபடியும் முன்புறம் வளையும். உடலின் பாரத்தைப் பகிர்ந்து தாங்குவதற்கு இந்த வளைவுகள் வேண்டும். ஆகவே நிமிர்ந்து அமர்வது என்றால் முதுகைப் பலகை போல நேராக்குவது என்று எண்ண வேண்டாம். நிற்கும்போது இயல்பாக இருக்கும் வளைவுகளை, குறிப்பாகக் கீழ்முதுகின் உள்வளைவை, அமர்ந்த பிறகும் காப்பாற்றிக்கொள்வது என்று பொருள்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே, டிஸ்க் என்று எல்லோரும் சொல்லும் இடைத்தட்டுகள் 23 இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே வழுவழுப்பான சதையும் கொண்டது. பனங்காயிலிருந்து எடுத்த இளநுங்கைக் கையில் வைத்து ஒரு பக்கம் அழுத்தினால், உள்ளே இருக்கும் நீர் மறுபக்கம் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகை முன்னே வளைத்து அமரும்போது இடைத்தட்டின் முன்விளிம்பு நசுங்கி, உள்ளிருக்கும் சதை பின்புறம் நோக்கி ஒதுங்குவதும் ஏறத்தாழ அப்படித்தான். நரம்புகள் புறப்படும் இடம் அந்தப் பின்புறத்தில் இருக்கிறது. ஒருநாள், இரண்டு நாள் இப்படி அமர்வதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில், மணிக்கணக்கில் அதே பக்கம் அழுத்தப்படுவதைத்தான் குறைக்கப் பார்க்கிறோம்.

இனி இடுப்புக்கு வருவோம். முதுகுத்தண்டு, இடுப்புக்கூட்டின் மேல் ஊன்றி நிற்கிறது. அந்த இடுப்புக்கூட்டை, தண்ணீர் நிறைந்த ஒரு சருவப் பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது சருவம் சற்றே முன்னால் சாய்ந்திருக்கும். அதன் மேல் எழும் கீழ்முதுகும் உள்வளைவோடு எழும். அமரும்போது தொடைகள் முன்னால் மடங்குகின்றன. தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்புக்கூட்டின் அடியில் ஒட்டியிருப்பதால், தொடை மேலே வர வர அவை இழுபட்டுச் சருவத்தைப் பின்னால் சாய்க்கின்றன. சருவம் பின்னால் சாய்ந்தால் அதன் மேல் நிற்கும் கீழ்முதுகு தன் உள்வளைவை இழந்து தட்டையாகி, பிறகு வெளிப்பக்கம் கூன் விழுகிறது. அதற்கு ஈடுகட்டத் தலை முன்னே நீள்கிறது. கூனும் கழுத்து நீட்டமும் தனித்தனிக் குற்றங்கள் இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மெத்தை இல்லாத ஒரு மர நாற்காலியிலோ திண்ணை விளிம்பிலோ உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்துப் பிட்டத்தின் அடியில் வையுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு உருண்டையான எலும்பு முனைகள் கையில் உறுத்தும். இப்போது வேண்டுமென்றே கூன் போட்டுச் சரியுங்கள். அந்த முனைகள் முன்னே சறுக்கி, உடலின் பாரம் வால் எலும்பை நோக்கிப் பின்னே போவதை உள்ளங்கை உணரும். மறுபடியும் அந்த இரண்டு முனைகளின் மேல் நேராக ஏறி அமருங்கள். நெஞ்சைத் தள்ளவில்லை, தோளை இழுக்கவில்லை. ஆனாலும் முதுகு நிமிர்ந்துவிட்டது. நாற்காலியில் அமர்வதற்கான பாடத்தில் பாதி, இந்த ஒரு நிமிடச் சோதனைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்தச் செய்தி அறிவியலுக்குப் புதிதன்று. கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் பல அமர்வு நிலைகளை எக்ஸ்ரே படம் எடுத்து 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடைக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகைக் கோணம் இருக்கும்போது கீழ்முதுகு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்றும், அந்தக் கோணம் 90 பாகையை நோக்கிக் குறையக் குறைய வளைவு தட்டையாகிறது என்றும் அவர் காட்டினார். நம்மில் பலர் சரியான அமர்வு என்று மனத்தில் வைத்திருக்கும் படம், முழங்காலும் இடுப்பும் கச்சிதமாக 90 பாகையில் மடங்கிய படம். அந்தக் கோணத்தை நான் யாருக்கும் கட்டாயமாகச் சொல்வதில்லை. முழங்காலைவிட இடுப்பு இரண்டு மூன்று விரற்கடை உயரமாக இருந்தால் கோணம் 100, 110 என்று விரியும். சருவம் பின்னால் சாய்வது குறையும். நம் வீடுகளில் சாப்பிடும்போது பெரியவர்களுக்கு மணை போடுவது வழக்கம். வெறுந்தரையில் சம்மணம் போட்டால் சரிந்துவிடும் அதே முதுகு, மணையின் மேல் அமர்ந்ததும் நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மணை இடுப்பை நான்கு விரற்கடை உயர்த்திவிடுவதால் வரும் நிமிர்வு அது. அலுவலக நாற்காலிக்கும் இதுவே கணக்கு.

கொள்கை புரிந்தால் போதாது, அளவும் பொருந்த வேண்டும். இதை எனக்கு நன்றாக உணர்த்தியது ஒரு தங்கச்சியின் கதை. பேட்டைப் பக்கம் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் கணினியில் தட்டச்சு செய்கிறவர். தோள்பட்டை வலி, நடுமுதுகில் கடுப்பு என்று வந்தார். "அக்கா, நானும் நிமிந்துதான் உக்காருதேன். பத்து நிமிசத்துல தானா சரிஞ்சிருது. சாயங்காலம் எந்திரிக்கவே முடியல," என்றார். உடற்பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தேன். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் குறைவாகவே இருந்தது. ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்கே போனேன்.

அங்கே இருந்தது நல்ல நாற்காலிதான். சக்கரம் வைத்த, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுழல் நாற்காலி. ஆனால் வாங்கும்போது சுற்றி வந்த பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை. அந்த வழுக்கல் உறையின் மேல் அவர் ஒவ்வொரு முறை நிமிர்ந்து அமரும்போதும், சேலையோடு சேர்ந்து அங்குலம் அங்குலமாக முன்னே சறுக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு முன்னே சறுக்கினால் சருவம் பின்னே சாயும், சாய்ந்தால் கூன். அவர் சொன்ன "தானா சரிஞ்சிருது" என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. உறையைக் கிழித்துவிடலாமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "புதுசு, அழுக்காயிருமே தாயி," என்று தயங்கினார். "அழுக்கானா மேல ஒரு துணி உறை தச்சுப் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி," என்றதும் அவரே கத்தரிக்கோல் எடுத்துவந்தார். நெல்லை வெயிலில் பாலித்தீனின் மேல் உட்கார்ந்து வேர்ப்பவர்கள் இன்னும் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறார்களோ! இதைப் படிப்பவர்கள் நாளைக்கு முதல் வேலையாகத் தங்கள் நாற்காலியின் உறையைக் கழற்ற வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு அளந்தோம். மேசையின் உயரம் 76 செ.மீ. நாற்காலி, மிகக் குறைந்த நிலையான 42 செ.மீ. உயரத்தில் இருந்தது. அமர்ந்த நிலையில் அவருடைய முழங்கை, இருக்கையிலிருந்து 21 செ.மீ. மேலே இருந்தது. ஆக, தரையிலிருந்து 63 செ.மீ. உயரத்தில் இருக்கும் முழங்கையைத் தூக்கி, 76 செ.மீ. மேசையின் மேல் இருக்கும் விசைப்பலகையில் அவர் நாளெல்லாம் வேலை செய்துகொண்டிருந்தார். கைகளை அந்த உயரத்தில் பிடித்திருக்க வேண்டுமானால் தோள்கள் காதை நோக்கி உயர்ந்தே இருக்க வேண்டும். நாள் முழுவதும் தோளைத் தூக்கி நிற்கும் தசை கடுக்காமல் என்ன செய்யும்? நம் ஊரில் செய்யப்படும் எழுத்து மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவிலேயே இருக்கின்றன. ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அந்த மேசை பொருந்தாது. தவறு அவருடைய முதுகில் இல்லை, மேசையில் இருக்கிறது என்பதைச் சொன்னபோது அவருடைய முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை.

மேசையை வெட்ட முடியாது. ஆகவே ஆசாரி ஒருவரை வைத்து, மேசையின் அடியில் இழுப்பறை போல வெளியே வரும் விசைப்பலகைத் தட்டு ஒன்றை 66 செ.மீ. உயரத்தில் பொருத்தினோம். நாற்காலியை 48 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினோம். இப்போது முழங்கை 69 செ.மீ. உயரத்துக்கு வந்தது, விசைகள் அதற்குச் சற்றுக் கீழே அமைந்தன. தோள்கள் இறங்கின. ஆனால் வேறொரு சிக்கல் வந்தது. அவருடைய முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து 39 செ.மீ. உயரத்தில் இருந்தது. இருக்கை 48 செ.மீ. ஏறினால் பாதம் 9 செ.மீ. அந்தரத்தில் தொங்கும். தொங்கும் கால் தொடையின் அடிப்பாகத்தை இருக்கை விளிம்பில் அழுத்தும். உடலும் ஊன்ற இடம் தேடி முன்னே சறுக்கும். மறுநாள் அவர் வீட்டில் கிடந்த பழைய பலாக்கட்டை மணையை எடுத்துவந்தார். அவருடைய அப்பா அதன் அடியில் இரண்டு ரீப்பர் துண்டுகளை ஆணி அடித்து 9 செ.மீ. உயரமாக்கிக் கொடுத்திருந்தார். அந்த மணையில் இரண்டு பாதங்களையும் வைத்து அவர் அமர்ந்த விதத்தைப் பார்த்தபோது, இனி நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அலுவலக நாற்காலியில் ஒரு காலை மடித்து ஏற்றிக்கொண்டு அமரும் பழக்கம் நம் பெண்கள் பலருக்கு உண்டு. அதை ஒழுங்கீனம் என்று சிலர் கண்டிப்பதைக் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் அப்படி இருப்பதில் கெடுதல் இல்லை. நாள் முழுவதும் ஒரே காலின் மேல் அமர்ந்தால் இடுப்பு ஒரு பக்கம் கோணும் என்பதும் உண்மை. ஆனால் ஏன் மடிக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் கால் தரையில் எட்டாததால்தான் மடிக்கிறார்கள். ஒரு மணை போட்டுக் கொடுங்கள், பழக்கம் தானாக விடும். இதே போல ஆண்கள் பின்பாக்கெட்டில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு அமர்வதும் இடுப்பை ஒரு பக்கம் உயர்த்திவிடும்; உட்காரும் முன் அதை மேசை அறைக்குள் வைத்துவிடுவது நல்லது.

நாற்காலியை உங்களுக்கு ஏற்ப அமைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. கீழிருந்து மேலாகப் போக வேண்டும். இருக்கையின் வலப்பக்கம் பெரும்பாலும் உயரத்துக்கான லிவர் இருக்கும். இருக்கையின் தண்டுக்குள் நைட்ரஜன் வாயு அழுத்தி அடைக்கப்பட்ட ஓர் உருளை உள்ளது. லிவரை இழுத்தால் அதன் அடைப்பான் திறக்கும். உயர்த்த வேண்டுமானால் உடலை இருக்கையிலிருந்து சற்றே தூக்கி லிவரை இழுக்க வேண்டும். தாழ்த்த வேண்டுமானால் அமர்ந்தபடியே இழுக்க வேண்டும். லிவர் வேலை செய்யவில்லை என்று பலர் விட்டுவிடுவது, முழுப் பாரத்தோடு அமர்ந்துகொண்டே உயர்த்தப் பார்ப்பதால்தான். முழங்கை விசைப்பலகையின் மட்டத்துக்கோ சற்று மேலோ வரும்வரை உயர்த்துங்கள். அதன் பிறகு பாதம் தரையில் முழுமையாகப் பதிகிறதா என்று பார்த்து, பதியாவிட்டால் மணை போடுங்கள்.

அடுத்தது ஆழம். பிட்டம் சாய்மானத்தைத் தொடும்வரை பின்னே தள்ளி அமர்ந்தால், இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். உயரம் குறைந்தவர்கள் பலர், விளிம்பு காலில் இடிப்பதால் முன்னே நகர்ந்து நுனியில் அமர்கிறார்கள். அவர்களுடைய முதுகு காலை முதல் மாலை வரை சாய்மானத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு எளிய வழி, பின்னால் ஒரு திண்டு வைத்து ஆழத்தைக் குறைப்பது.

கீழ்முதுகின் உள்வளைவு இருக்கும் இடத்தில், சேலைக் கொசுவமோ பெல்ட்டோ இருக்கும் மட்டத்துக்குச் சற்று மேலே, சாய்மானம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த நாற்காலிகளில் இந்தப் புடைப்பை ஏற்றி இறக்க முடியும். உங்கள் நாற்காலியில் அது இல்லையென்றால் ஒரு தேங்காய்ப்பூத் துண்டை நீளவாக்கில் மடித்து, கைப்பிடி அளவுக்கு இறுகச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போட்டு அந்த இடத்தில் வையுங்கள். அலுவலகங்களில் நாற்காலியின் தலைப்பக்கம் துண்டு போர்த்தும் வழக்கம் நமக்கு உண்டு. அதே துண்டு இரண்டு சாண் கீழே இறங்கினால் முதுகுக்கு எவ்வளவோ நன்மை. சுருள் மிகவும் தடிமனாக இருந்தால் உடலை முன்னே தள்ளும். அதன் மேல் சாய்ந்த பிறகு அது இருப்பதே மறந்துபோகும் அளவுதான் சரியான அளவு.

சாய்வது தவறு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 1960களில் சுவீடனைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், இடைத்தட்டுக்குள் ஊசி வழியாக அழுத்தமானியைச் செலுத்தி, வெவ்வேறு நிலைகளில் அங்கே எவ்வளவு அழுத்தம் ஏற்படுகிறது என்று அளந்தார். 1999இல் ஜெர்மனியில் வில்கே என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒருவருடைய முதுகில் அழுத்தமானியைப் பொருத்தி, அவர் நிற்கும்போதும் அமரும்போதும் படுக்கும்போதும் மறுபடி அளந்தார்கள். சாய்மானம் இல்லாமல் அமர்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அமர்ந்தபடி முன்னே குனிந்தால் அழுத்தம் வெகுவாகக் கூடுகிறது என்பதில் ஒத்துப்போயின. வில்கே அளந்த மனிதர் சாய்மானத்தில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தபோது, நிற்கும்போது இருந்ததில் ஏறத்தாழப் பாதி அழுத்தமே பதிவாயிற்று. குனிந்து அமர்ந்தபோது அது ஒன்றரை மடங்குக்கும் மேலே போயிற்று. ஓர் ஆளிடம் எடுத்த அளவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் மட்டுமே வலியைத் தீர்மானிப்பதும் இல்லை. ஆயினும் சாய்மானம் உடலின் பாரத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அது போதும். உங்கள் நாற்காலியில் சாய்வைப் பூட்டும் அமைப்பு இருந்தால் பூட்டைத் திறந்து வையுங்கள். இருக்கையின் அடியில் இருக்கும் பெரிய திருகை உங்கள் எடைக்கு ஏற்பத் திருப்பினால், சாய்மானம் தொட்டில் போல உங்களோடு முன்னும் பின்னும் வரும். தொலைபேசியில் பேசும்போதும் திரையில் படிக்கும்போதும் பின்னே சாய்ந்துகொள்ளலாம்.

கைப்பிடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழங்கை இயல்பாகத் தொங்கும் உயரத்தில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தோளைத் தூக்கும் அளவுக்கு உயரமாகவோ, மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே வரவிடாமலோ தடுத்தால் கழற்றிவிடுங்கள்.

தலைக்குச் சற்று விரிவான கவனம் வேண்டும். வளர்ந்த ஒருவருடைய தலை ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ எடையுள்ளது. அது கழுத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துத் தசைகளுக்குப் பெரிய வேலை இல்லை. முன்னே குனியக் குனிய, அதைப் பிடித்து நிறுத்தும் வேலை கூடிக்கொண்டே போகிறது. ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் 2014இல் கணினி மாதிரியைக் கொண்டு கணக்கிட்டபோது, தலை 60 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் பாரம் 27 கிலோ வரை வருகிறது என்று வந்தது. கடையில் ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. மடியில் கைப்பேசியை வைத்துப் பார்க்கும்போது நம் கழுத்து எதைச் சுமக்கிறது என்பதற்கு இது ஒரு தோராயமான கணக்கு.

ஆகவே திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்துக்கோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும்; திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். கீழே இறங்கியிருந்தால் பழைய பேரேடுகளை அடுக்கி உயர்த்தலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் பைஃபோகல் கண்ணாடி அணிகிறவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணாடியின் அடிப்பாகத்தால் பார்ப்பதற்காகத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடும். நாள் முழுவதும் அதில் வேலை என்றால் தனி விசைப்பலகை ஒன்று வாங்கிக்கொண்டு, மடிக்கணினியை உயர்த்தி வைப்பதே வழி. எழுத்து சிறியதாக இருந்தாலும் நாம் அறியாமல் முன்னே குனிவோம். திரையில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதும், கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதும் முதுகுக்கான மருத்துவம்தான் என்று சொன்னால் பலர் வியக்கிறார்கள்.

பத்திர அலுவலகத்துத் தங்கச்சிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. கையால் எழுதிய நகலை மேசையின் இடப்பக்கம் படுக்க வைத்து, ஒவ்வொரு வரிக்கும் கழுத்தைத் திருப்பிக் குனிந்து படித்துவிட்டுத் திரையைப் பார்ப்பார். சர்வே எண்ணும் நான்கெல்லையும் தப்பாமல் அடிக்க வேண்டிய வேலை அது. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முறை அந்தக் கழுத்து திரும்பியிருக்கும்! தாளைத் திரைக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், ஓர் அட்டையில் கவ்வி நிறுத்தி வைத்தோம். அவருக்கு இருந்த கழுத்துப் பிடிப்பு முதலில் குறைந்தது அந்த ஒரு மாற்றத்தால்தான்.

இத்தனை அளவுகளையும் சரி செய்துவிட்டு அசையாமல் அமர்ந்திருந்தால் பயன் இல்லை. வளர்ந்தவர்களின் இடைத்தட்டின் உட்பகுதிக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தம் கூடும்போது நீர் வெளியேறி, குறையும்போது உள்ளே ஊறி, அந்த ஊறலோடுதான் ஊட்டமும் அதற்குப் போகிறது. காலையில் எழுந்தவுடன் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டரோ அதற்குச் சற்று மேலோ கூடுதலாக இருப்பதற்கு, இரவில் படுத்திருக்கும்போது இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருப்பதே காரணம். ஆகவே எவ்வளவு நல்ல அமர்வாக இருந்தாலும், அரை மணிக்கு ஒருமுறை அதைக் கலைத்துவிட வேண்டும். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, ஐந்தாறு முறை மெதுவாகப் பின்னே வளையுங்கள். பத்தடி நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலை மேசையில் வைத்துக்கொள்ளாமல் அறையின் மறுகோடியில் வைத்தால் அதற்காகவே எழுவீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்றும், அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. வண்ணாரப்பேட்டையிலோ சந்திப்பிலோ வேலை பார்க்கிறவர்கள் மாலையில் தாமிரபரணிக் கரைப்பக்கம் அரை மணி நடந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

நாற்காலியைப் பற்றி எழுதும்போது, நாற்காலியே இல்லாதவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றும் பெண்கள் என்னிடம் அதே கழுத்துவலியோடும் அதே இடுப்புக் கடுப்போடும் வருகிறார்கள். அவர்களுக்கும் நான் சொல்வது இதேதான்: பிட்டத்தின் அடியில் ஒரு மணை, முதுகுக்குச் சுவர், சுளகின் அடியில் ஒரு தலையணை வைத்து அதைக் கண்ணுக்கு அருகே உயர்த்துதல், அரை மணிக்கு ஒருமுறை எழுதல். ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் பிள்ளைகளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கையும் உயரம் பொருந்தியதாக, சாய்மானம் உள்ளதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

புதிய முறையில் அமரத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம், இதுவரை வேலை செய்யாத தசைகள் வேலை செய்வதால் முதுகில் லேசான அசதி இருக்கலாம். முதல் நாளே எட்டு மணி நேரமும் அப்படி இருக்க முயல வேண்டாம். ஒரு மணிக்கு இருபது நிமிடம் என்று தொடங்கிக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் வலி பிட்டத்திலிருந்து காலுக்கு மின்சாரம் போல இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்து செருப்பு நழுவினாலோ, இரவில் படுத்தாலும் வலி விடாமல் இருந்தாலோ நாற்காலியைச் சரி செய்துகொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், அல்லது தொடைகளின் உட்புறம் உணர்வற்றுப் போனால், விடியட்டும் என்று கூட இருக்க வேண்டாம்; அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.